சாட்சிக் கூண்டில் சிக்கந்தர் மாஸ்டர்

செய்தி வந்தபோது நான் செக்கிங் டேபிளில் ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். கழுத்துப் பட்டியில் தையல் விட்டுப்போன பீஸை நல்ல பீஸ்களோடு அடுக்கிவிட்டாள். செல்போன் அடித்தது. மாஸ்டரின் மனைவி ரமீஜா அக்கா. "தம்பி, மாஸ்டரு போயிட்டாருங்க. ஆஸ்பத்திரியிலிருந்து ஊட்டுக்குக் கொண்டாறோம், வந்துருங்க" என்றார். அழவில்லை. நான்கு வருடமாக இந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துத் தயாராக இருந்திருப்பார் போல. நான் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். அறுபது மெஷின்கள் ஒரே நேரத்தில் நின்றன. புது ஆட்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார்கள். பழைய ஆட்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

குடல் அடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பார்த்தது குடலை. நான் எழுதுவதாக இருந்தால் கத்திக்குத்து என்று எழுதுவேன். நான்கு வருடத்துக்கு முன்னால் நம் கம்பெனி வாசலில் ஏறிய கத்தி இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தன் வேலையை முடித்தது.

அருள்புரம் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பல்லடம் ரோடு முழுக்க இப்போது அவருக்கு பிளக்ஸ் பேனர் தொங்குகிறது. எதிரே அவர் வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாம் கைகூப்பியபடி அதில் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர்களைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்ல வேண்டும். அவர் குத்துப்பட்ட கதையில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. உங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

சிக்கந்தர் மாஸ்டர் நம் கட்டிங் செக்ஷனின் தலை. நான் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்து புரொடக்ஷன் சூப்பர்வைசர் ஆனவன். எங்கள் இருவருக்கும் முதல் இரண்டு வருடம் ஆகவே ஆகாது. எனக்குத் துணி சீக்கிரம் வேண்டும், அவருக்குத் துணி சரியாக வேண்டும். ரோலைப் பிரித்து மேஜையில் அடுக்கடுக்காக விரித்த பிறகு, வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். பனியன் துணி இழுபட்டு வந்திருக்கும், சுருங்கித் தன் அளவுக்கு வரட்டும் என்பார். நான் கத்துவேன். "ஏனுங்க தாசு, கத்துனா துணி சுருங்குமுங்களா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் இன்னும் கத்துவேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது தர்கா போர்வை. பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் அவர்கள் குடும்பம் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய தர்கா இருக்கிறது. வருடா வருடம் கந்தூரி விழாவுக்கு முன்னால் அங்கே போர்த்துகிற பச்சைத் துணியை நம் கம்பெனியில்தான் தைப்போம். மாஸ்டர் வெட்டுவார். வேண்டுதல் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு சாண் நீளம் தைக்க வேண்டும். கல்யாணம் தள்ளிப்போன பெண்கள், குழந்தை இல்லாதவர்கள், மகனுக்கு ஜுரம் என்று அழுத மதுரைக்காரர், என் மனைவியின் பிரசவத்துக்காக நான். சர்ச்சுக்குப் போகிறவன் என்று தயங்கினேன். "நீங்க ஏசுகிட்டயே வேண்டிக்கிட்டுத் தைங்க. நூலு ஒண்ணுதானுங்க" என்றார். நாற்பது பேர் கைபட்ட அந்தத் தையல் பாம்பு மாதிரி வளைந்து போகும். நான் பழக்க தோஷத்தில் தப்பு தேடினால், "இதை மட்டும் செக்கிங் பண்ணாதீங்க" என்று என் கையைத் தட்டிவிடுவார்.

அந்த ஊர் முஸ்லிம்கள் அப்படித்தான் இருந்தார்கள். கந்தூரி நெய்ச்சோற்றுக்கு ஊர்க் கவுண்டர் வீட்டிலிருந்து அரிசி வரும். மாரியம்மன் கோயில் தேர் தர்கா வாசலில் நின்றுதான் நகரும். நபியின் புகழைப் பாடுகிற மவ்லூது ஓதும் நாட்களில் மாஸ்டர் நடுவில் உட்கார, பக்கத்தில் அவருடைய அக்கா மகன் நஜீர் உட்காருவான். பையனுக்கு என்ன குரல்! அவன் மேலே எடுக்கும்போது மாஸ்டர் தன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அரபு எழுத்தும் ஓதலும் அவனுக்கு அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

பிறகு நடந்ததற்கு ஒரே காரணம் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு கலவரத்தில் நஜீரின் அப்பா வைத்திருந்த ஜவுளிக் கடையைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் ஒருவர்கூட ஒரு வாரம் உள்ளே இருக்கவில்லை. அந்த மனிதர் கடை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து ஒரு வருடத்தில் செத்துப்போனார். அடுத்து, வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பழைய நூல் குடோனை வாடகைக்கு எடுத்துத் தொழுகைக் கூடம் ஆக்கினார். பேச்சாளர். வியாழன்தோறும் சி.டி. போட்டுக் காட்டுவார். ஈராக்கில் குண்டு விழுந்த வருடம் அது. கையில்லாத குழந்தைகளின் படத்தைக் காட்டிவிட்டு, நம் வீழ்ச்சிக்கு முதல் காரணம் கப்ரை, சமாதியை, வணங்குகிற நம் ஆட்களே என்பார். அமெரிக்காவில் ஆரம்பித்து அந்தச் சின்னத் தர்காவில் கொண்டுவந்து முடிப்பார். நஜீர் முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"அவன் கோபம் நெசமுங்க தாசு. அவங்கத்தா கடை எரிஞ்சது பொய்யா? அந்தக் கோபத்தை ஒருத்தன் வாங்கி வேற வேலைக்குப் போட்டுக்கறான்" என்று மாஸ்டர் சொன்னார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதால் எனக்கு நினைவிருக்கிறது. வேலை நேரத்தில் அவர் அதைக் கீழே வைக்க மாட்டார்.

முதல் அடியை அடித்தது மாஸ்டர்தான். அதை மறைத்தால் அவர் என்னைத் திட்டுவார். ரமீஜா அக்காவின் தாயார் இறந்த மூன்றாம் நாள், இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதச் சோறும் பழமும் வைத்திருந்தார்கள். நஜீர் நாலு பேரோடு உள்ளே வந்தான். இது மார்க்கத்தில் இல்லாதது என்று சொல்லித் தட்டைக் காலால் தள்ளிவிட்டான். சோறு சுவர் வரைக்கும் சிதறியது. மாஸ்டர் எழுந்து அவனை அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கீழே உட்கார்ந்து சோற்றைக் கையால் அள்ள ஆரம்பித்த மாஸ்டர் அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சோத்தைத் தள்ளுனதுக்குக் கை போயிருச்சுங்க. பேசியிருக்கோணும்" என்று பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். பேசியிருந்தால் கேட்டிருப்பானா என்று நான் கேட்டதற்கு, "தெரியாதுங்க, நான் பேசலையே" என்றார்.

அந்த வருடக் கந்தூரி ஊர்வலத்தில் நம் கம்பெனியிலிருந்து இருபது முப்பது பேர் போயிருந்தோம். மதியம் தொழுகை முடிந்த நேரம். நாம் தைத்த போர்வை ஒரு தாம்பாளத்தில் முன்னால் போனது. சந்து திரும்பியதும் இரண்டு பக்கத்திலிருந்தும் கல் வந்தது. பிறகு இரும்புக் கம்பிகளோடு ஆட்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே பள்ளிவாசலில் பெயர் வைக்கப்பட்டவர்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். நகரா முரசு அடித்துக்கொண்டு வந்த கிழவரைக் கீழே தள்ளி, இனி அடிக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லியே அவர் விரல்களைக் கல்லில் வைத்துக் கம்பியால் நசுக்கினார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. போர்வையின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். நம் மடத்துக்குளத்துப் பெண் சரோஜா, தான் தைத்த சாண் எரிகிறதே என்று பிடுங்கப் போய் முழங்கை வரை வெந்துபோனாள். நான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மாஸ்டர் கிழவரின் மேல் குப்புறப் படுத்து முதுகில் அடி வாங்கிக்கொண்டிருந்தார். கம்பியோடு நின்றவர்களில் நஜீர் இருந்தான். அவன் அடித்ததை நான் பார்க்கவில்லை, நின்றதைப் பார்த்தேன்.

போலீஸ் வந்தது, இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் எழுதி வாங்கியது. மாஸ்டர் கையெழுத்துப் போடவில்லை. மறுவாரமே தர்காவில் வழக்கம்போல மவ்லூது ஓதினார். கேட்க ஏழு பேர் இருந்தார்கள், அதில் மூன்று பேர் நாம். இனி ஓதினால் நாக்கு இருக்காது என்று கட்டிங் செக்ஷன் போனுக்கே அழைப்பு வந்தது. "ஓதறதுக்கு நாக்கு வேணுமுங்க, மத்தபடி மிரட்டறதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. ஐரோப்பாவிலிருந்து டீ ஷர்ட். நெஞ்சில் அரபு எழுத்து மாதிரி அலங்காரமாக ஒரு டிசைன். எதிலிருந்தோ பார்த்து வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். என்னவென்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முன்பக்கத் துண்டுகளை வெட்டி பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்பினோம். அச்சாகி வந்த முதல் கட்டைப் பிரித்ததும் மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். "இதைத் தைக்கக் கூடாதுங்க" என்றார். குர்ஆனின் ஒரு வரி அது, இறைவனின் பெயரோடு. முதலாளி நல்லவர், உடனே ஆர்டர் கொடுத்த பையரிடம் பேசினார், அவர்களும் பதறிப்போய் டிசைனை மாற்றினார்கள். வேறு துணி வெட்ட வேண்டும். ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறாது.

அச்சான துண்டுகளை மாஸ்டர் தானே எண்ணி அடுக்கி, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டினார். இறைவன் பெயர் உள்ள தாள் கிழிந்தால் அவர்கள் குப்பையில் போட மாட்டார்கள், மண்ணில் புதைப்பார்கள் அல்லது கிணற்றில் இறக்குவார்கள். "தாசு, இது கட்டிங் வேஸ்ட்டோட போகக் கூடாதுங்க. வெள்ளிக்கிழமை நானே எடுத்துட்டுப் போயி பொதைச்சர்றேன்" என்று என் கையில் ஒப்படைத்தார். சரி மாஸ்டர் என்றேன்.

வியாழக்கிழமை காலையில் வேஸ்ட் வண்டி வந்தது. புதுத் துணி ரோல்கள் வாசலில் நிற்கின்றன, உள்ளே வைக்க இடமில்லை. டிரைவர் மூலையைக் காட்டி, "அந்த வெள்ளை மூட்டையும் வேஸ்ட்டுங்களா?" என்று கேட்டார். மறந்துபோய்ச் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். நினைவிருந்தது. வெள்ளிக்கிழமை வரை இதை வைத்துக் கும்பிடவா முடியும் என்ற எரிச்சல்தான் அந்த நிமிடத்தில் பெரிதாக இருந்தது. "எல்லாத்தையும் ஏத்தும்" என்றேன். மறுநாள் மாஸ்டர் கேட்டபோது, வண்டியில் தவறிப் போய்விட்டது என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேஸ்ட் குடோன் குடோனாக இரண்டு நாள் தேடினார். பாதி கிடைத்தது.

மீதி எங்கே போகும் என்று திருப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டாம். பட்டறைக்கும் லாரி ஷெட்டுக்கும் கை துடைக்கப் போகும். ஒரு டூவீலர் பட்டறையில் செயின் கிரீஸ் துடைத்த துணியில் அந்த எழுத்தை ஒருவன் பார்த்துவிட்டான்.

அடுத்த நாள் பதினோரு மணி டீ நேரம். பத்துப் பன்னிரண்டு பைக்குகளில் இருபது பேர் வந்தார்கள். வாட்ச்மேன் மண்டையை உடைத்தார்கள். ஆட்களை ஏற்றிவரும் நம் வேனைக் கொளுத்தினார்கள். ஆபீஸ் கண்ணாடி முழுக்க இறங்கியது. பெண்கள் பேக்கிங் செக்ஷனுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்கள். "எவண்டா அல்லா பேரைக் குப்பைல போட்டது?" என்று ஒருவன் கிரீஸ் துணியை உயர்த்திப் பிடித்துக் கத்தினான். நான் அயர்னிங் டேபிளுக்கு அடியில் இருந்தேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு சொல் போதும், அது வரவில்லை.

மாஸ்டர் கட்டிங் செக்ஷனிலிருந்து வெளியே போனார். அயர்னிங் டேபிளைக் கடக்கும்போது குனிந்து என்னைப் பார்த்தார். டேபிளிலிருந்து நாலு எட்டில் வாசல், அங்கே அவர் குரல் கேட்டது. "என் டேபிள்ல வெட்டுன துணி. நாந்தான் பொறுப்பு. வேலை பாக்கற பொம்பளைங்க இருக்காங்க, வெளிய போங்க." இரண்டு பேர் அவர் கைகளைப் பின்னால் பிடித்தார்கள். குத்தியது நஜீர். வயிற்றில் ஒன்று, உருவி மறுபடி விலாவுக்குக் கீழே ஒன்று. மாஸ்டர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், பட்டன் தெறித்து என் பக்கம் உருண்டு வந்தது. எரிகிற வேனின் புகையில் அவர்கள் போன பிறகுதான் நான் வெளியே வந்தேன். பச்சை ரோல் ஒன்றைக் கிழித்து அவர் வயிற்றில் அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரி வரை போனோம். துணி நனைந்து நனைந்து, மாற்றிக்கொண்டே இருந்தோம்.

ரத்தம் வேண்டும் என்றார்கள். முதலில் வந்தவர் அப்பாஸ், எலக்ட்ரீஷியன். அந்தக் குடோனில் தொழுகிறவர். அவரைப் பார்த்ததும் எனக்கு அடிக்கக் கை ஓங்கியது. "தர்காவுக்கு நான் வர மாட்டேனுங்க, அது எனக்குச் சரின்னு படலை. அதுக்காக மனுசனைக் குத்துவாங்களா? எடுங்க ரத்தத்தை" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். அடுத்த வாரம் அவர் பைக்கை எரித்தார்கள். ஒரு கூட்டத்தையே ஒரே பெயரில் திட்டும்போதெல்லாம் அந்த மனிதர் குறுக்கே வந்து நிற்கிறார்.

பத்தாம் நாள் மாஸ்டருக்குப் பேச்சு வந்தது. ரமீஜா அக்கா மருந்து வாங்கப் போயிருந்தார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், அந்த மூட்டைய நாந்தான் ஏத்தச் சொன்னேன். தவறிப் போகல. தெரிஞ்சேதான் சொன்னேன். கோர்ட்டுல வந்து சொல்லுதேன்" என்று அழுதேன்.

"தெரியுமுங்க. வண்டிக்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு."

"பின்ன ஏன் மாஸ்டர் நீங்க போனீய?"

"நீங்கதான் வரலையே" என்றார். அவர் என்னிடம் சொன்ன ஒரே கடுமையான சொல் அதுதான். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நீங்க பண்ணுனது தப்பு. எனக்கு அதுல வருத்தமுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவங்க கொல்ல வந்தாங்க. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. கோர்ட்டுக்கு நீங்க வராதீங்க. வந்தா துணியப் பத்தியே பேசுவாங்க, கத்தியப் பத்திப் பேச்சு வராது."

காவி வேட்டி கட்டிய சிலர் மாலையும் போட்டோகிராபருமாக வந்தது அந்த வாரம்தான். நல்ல முஸ்லிமுக்கு நேர்ந்த கதியை ஊருக்குக் காட்டப் போகிறார்களாம். கடை எரிந்த கலவரத்தில் முன்னால் நின்றவர் ஒருவரும் அதில் இருந்தார். "என் மச்சான் கடைய எரிச்சப்ப இந்த போட்டோகிராபரு வரலீங்களே?" என்று மாஸ்டர் கேட்டார். மாலையைக் கட்டில் காலில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

வழக்கு இழுத்தது. ஜமாஅத்தில் கூப்பிட்டு ராஜியாகப் போகச் சொன்னார்கள். அக்கா மகன் வாழ்க்கை என்றார்கள். அக்காவே வந்து காலில் விழுந்தார். எனக்கே மனது இளகியது, மன்னித்துவிடுங்களேன் மாஸ்டர் என்று நானும் சொன்னேன். எனக்கு அதில் ஒரு சுயநலம் இருந்தது, வழக்கு முடிந்தால் என் பயமும் முடியும். "அவன் எங்கிட்ட மாப்புக் கேக்கட்டும், பார்க்கலாம். அது வேற. குத்துனது யாருன்னு கேட்டா பேரைச் சொல்லோணுமுங்க. சொல்லலைன்னா நாளைக்கு அப்பாஸைக் குத்துவாங்க" என்றார்.

சாட்சி சொன்ன நாளில் கோர்ட்டு நிறைந்திருந்தது. நிற்க முடியாது என்பதால் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை, கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு பெயர்களைச் சொன்னார். நான்காவதாக, "என் அக்கா மகன் நஜீர். ஓதக் கத்துக் குடுத்தது நாந்தானுங்க. குத்துனது அவன்" என்றார். பின் வரிசையில் அவருடைய அக்கா மாரில் அடித்துக்கொண்டு, "உன் மய்யித்துக்கு நான் வர மாட்டேன்டா" என்று கத்தினார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கேட்டதெல்லாம் துணியைப் பற்றித்தான். இறைவன் பெயர் கிரீஸில் கிடந்தது ஒரு முஸ்லிமான உங்களுக்கு வலிக்கவில்லையா என்று கேட்டார்.

"வலிச்சுதுங்க. ரெண்டு நாள் சைக்கிள்ல தேடுனனுங்க. அதுக்காக நான் யாரையும் குத்தலீங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் வெளியே வந்ததும் சட்டை முழுக்க நனைந்திருந்தது, பயத்தில்தான் என்று அவரே சொன்னார். "பயமே இல்லாத ஆளுன்னு வெளிய சொல்லிராதீங்க தாசு, காலு ஆடறதை நீங்க பார்த்தீங்கள்ல" என்று சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று ஆபரேஷன். உடம்பு பாதியானது. வாரத்தில் இரண்டு நாள் கம்பெனிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து வெட்டுவார். வியாழன்தோறும் தர்காவில் ஓதுவார். குரல் போய்விட்டது, உதடு மட்டும் அசையும்.

அடக்கத்துக்கு நீங்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். அவருடைய அக்கா சொன்னபடியே வரவில்லை. மண் போட்டு முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. ஜாமீனில் இருக்கிற நஜீர் கபர்ஸ்தான் சுவரோரம் நின்றான். தாடியில் நரை. குழியை நோக்கி நடந்தான். நான் குறுக்கே போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"அந்த மூட்டைய ஏத்துனது நாந்தாம்ல. அவரு இல்ல. கேட்டியா? நாலு வருசமா உன்கிட்ட இதச் சொல்லணும்னு இருந்தேன். தப்பான ஆளக் குத்திட்டே!"

அவன் என் கையை எடுக்கவில்லை. "தெரியுமுங்க" என்றான். "வேஸ்ட் வண்டிக்காரரு எங்ககிட்டயும் உங்க பேரைத்தான் சொன்னாரு."

"பின்ன?"

"துணி கெடைக்கறதுக்கு ஒரு மாசம் முந்தியே மாமா பேரைச் சொல்லியாச்சுங்க. மவ்லூதை நிறுத்தலை, தர்காவை விடலை. ஒரு சாக்கு வேணும்னு காத்திருந்தோம். துணி வந்துச்சு."

"யாருல சொன்னது?"

குடோன் பேச்சாளரின் பெயரைச் சொன்னான். அந்த மனிதர் குத்து நடந்த வாரமே ஊரைவிட்டுப் போனவர், எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் கிடையாது. இப்போது வேறு ஊரில் வேறு குடோனில் சி.டி. போடுகிறார். சொல்லிவிட்டு நஜீர் குழியருகே உட்கார்ந்து மண்ணை அள்ளினான். நான் தடுக்கவில்லை. அவன் அழுதான். அந்த அழுகைக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, அதைக் கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிடம் எனக்கு மனசு லேசானது. என் மூட்டை அவரைக் கொல்லவில்லை, எப்படியும் கொன்றிருப்பார்கள் என்று உள்ளே ஏதோ ஒன்று கூத்தாடியது. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே துப்ப வேண்டும் போலிருக்கிறது. சாக்குத் தேடிக் காத்திருந்தவர்களுக்குச் சாக்கைக் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்பியவன் நான். கேட்டபோது டேபிளுக்கு அடியில் கிடந்தவனும் நான்.

துணியைப் பற்றிப் பேசினால் கத்தி மறந்துபோகும் என்பதால்தான் மாஸ்டர் என்னைத் தடுத்தார். இப்போது துணியைப் பற்றிப் பேசி, அது வெறும் சாக்கு என்று காட்டினால்தான் கத்தியைக் கொடுத்தனுப்பியவர் வெளியே வருவார். நேற்று அரசு வக்கீலைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாய்தாவில் கூப்பிடுவார்கள். என் மனைவி நேற்றிலிருந்து பேசவில்லை. வீட்டு வாசலில் தெரியாத பைக் ஒன்று நின்றுவிட்டுப் போனது. பயமாகத்தான் இருக்கிறது.

பயந்துகொண்டே எழுந்து நின்று பெயரைச் சொல்வது, சிக்கந்தர் மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மற்றவர் பெயர்களைக் கோர்ட்டில் சொல்வேன். உங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது என் பெயர். ஞானதாஸ். அந்த மூட்டையை ஏற்றச் சொன்னவன்.